உழைப்பு குறைந்தது, தட்டில் சோறு குறையவில்லை

ஒரு ஏக்கர் நிலத்தை நாட்டுக் கலப்பையால் ஒரு தடவை உழுவதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சால் அரை அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதை அரை அடிச் சாலாக உழுது முடிக்க 87,120 அடி நடக்க வேண்டும். அதாவது 26 கிலோமீட்டருக்கு மேல். ராகி விதைக்க இரண்டு மூன்று உழவு ஓட்டிய காலத்தில், கலப்பையை அழுத்திப் பிடித்தபடி மாட்டின் பின்னால் 50 முதல் 80 கிலோமீட்டர் வரை நடந்திருக்கிறார்கள். இன்று ஆறு அடி அகலக் கலப்பை பூட்டிய டிராக்டர் அதே ஒரு ஏக்கரை இரண்டே கால் கிலோமீட்டரில் உழுது முடிக்கிறது. அதுவும் ஓட்டுபவர் உட்கார்ந்தபடி. நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வாடகையைக் கொடுத்தால் போதும்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தருமபுரி மாவட்டம் இண்டூர் போன்ற மானாவாரிப் பகுதியில் மழை பெய்து ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். ஆள் கிடைப்பதில்லை. இளைஞர்களில் பலர் பெங்களூருவுக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். மாடு வைத்திருப்பவர்களும் பாலுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். டிராக்டர் இல்லையென்றால் பாதி நிலம் தரிசாகத்தான் கிடக்கும். பிரச்சினை டிராக்டரில் இல்லை. உழைப்பு மாறிய அளவுக்குச் சாப்பாடு மாறவில்லை. மாறிய கொஞ்சமும் தலைகீழாக மாறிவிட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, கடின உழைப்பு செய்யும் ஆணுக்கு நாளைக்கு 3,470 கலோரி தேவை. நடுத்தர உழைப்புக்கு 2,710 போதும். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 2,110. நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது. ஏர் பிடித்த தாத்தாவுக்கும், டிராக்டரும் பைக்கும் ஓட்டும் பேரனுக்கும் நாளைக்கு 200 கிராம் அரிசிக்கு மேல் வித்தியாசம் இருக்க வேண்டும். பேரன் கடையிலோ செக்யூரிட்டி வேலையிலோ உட்கார்ந்திருப்பவர் என்றால் வித்தியாசம் கிட்டத்தட்ட 400 கிராம். உங்கள் வீட்டில் உலையில் போடும் அரிசியை ஒருநாள் அளந்து பாருங்கள். தாத்தா காலத்து அளவே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், செலவாகாத மிச்சம் வயிற்றுச் சதையாகவும் ரத்தத்தில் சர்க்கரையாகவும்தான் சேரும்.

தாத்தா சாப்பிட்டதும் அரிசிச் சோறு இல்லை. இந்த மாவட்டத்தில் நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும்தான். மற்ற நாட்களில் ராகிக் களி, கூழ், சாமைச் சோறு. தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் குழம்பு, அவரைக்காய், கொல்லையில் தானாக முளைத்த பண்ணைக் கீரை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பட்டினியைத் துரத்தியதில் அதன் பங்கு பெரியது. மழை பொய்த்த ஆண்டுகளில் பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போனவர்களின் பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இலவசமாக வரும் அரிசி இருக்கும்போது, ராகியைக் காயவைத்து, தூற்றி, மாவாக்கிக் களி கிண்ட யாருக்கு மனம் வரும்? மூன்று வேளையும் அரிசி என்பது அப்படித்தான் வந்தது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு மிச்சச் சோறு அல்லது தோசை.

இதோடு டீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு டீக்கு இரண்டு சின்னக் கரண்டி சர்க்கரை, நாளைக்கு ஐந்து டீ என்றால் 40 கிராமைத் தாண்டிவிடும். சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். தகடூர்க்காரர்களுக்கு அந்தப் பெருமை உண்டு. அதற்காக அவ்வளவையும் நாமே குடித்துத் தீர்க்க வேண்டியதில்லை.

சர்க்கரை நோய் பட்டணத்துக்காரர்கள் நோய், கொல்லையில் பாடுபடுகிறவனுக்கு வராது என்ற நம்பிக்கை கிராமங்களில் இன்னும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. நகரத்தில் நூற்றுக்கு 16 பேர், கிராமத்தில் 9 பேர். 'பரவாயில்லை, நமக்குக் குறைவுதானே' என்று நினைத்துவிடாதீர்கள். நோய் வருவதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்களைப் பாருங்கள். நகரத்தில் நூற்றுக்கு 15.4 பேர், கிராமத்தில் 15.2 பேர். வித்தியாசமே இல்லை. நகரத்தை எட்டிப் பிடிக்கக் கிராமம் வரிசையில் நிற்கிறது.

1960-களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த நாடு இது. இன்று உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு. களஞ்சியம் நிறைந்தது விவசாயியால். அந்த விவசாயியே நாற்பது வயதில் மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்தால், நாட்டுக்கு என்ன பலம் என்று கேட்பதில் தவறில்லை. இதைப் பெரிய பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக் கணக்காகவே பாருங்கள். உழைப்பவர் ஒருவர் படுத்தால் அந்தப் பட்டத்துக்கு விதைப்பு தவறும். ஆஸ்பத்திரிக்குப் போய்வரக் கூடவே இன்னொருவர் கூலியை விட வேண்டும். முதலில் கறவை மாடு விற்கப்படும், பிறகு நகை அடகுக்குப் போகும்.

விவசாயிக்குச் சர்க்கரை நோய் வந்தால் ஒரு தனி ஆபத்து உண்டு. அது காலில் இருக்கிறது. பல ஆண்டு சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். கொல்லையில் வெறுங்காலோடு நடக்கும்போது முள் குத்தியது தெரியாது. ராகித் தாள் கீறியது தெரியாது. மூன்றாம் நாள் சீழ் வைத்த பிறகுதான் பார்ப்போம். புண் ஆறாது, விரலை எடுக்க வேண்டிய நிலை வரும், சிலருக்குக் காலையே. சர்க்கரை இருப்பவர்கள் செருப்பில்லாமல் நிலத்தில் இறங்கக் கூடாது. இரவு படுக்கும் முன் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும், உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பார்வை மங்கியவருக்கு வீட்டில் வேறு யாராவது பார்த்துச் சொல்லலாம். செலவில்லாத வேலை இது.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்க மாட்டார்கள். வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் அது எச்சரிக்கை. சாப்பாட்டிலும் நடையிலும் கவனம் வைத்தால் திரும்பி வர வாய்ப்புண்டு. 126-ம் அதற்கு மேலும் என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பெண்கள் கதை வேறு. எந்திரம் வந்தது பெரும்பாலும் ஆண்கள் செய்த வேலைக்குத்தான். உழவு போயிற்று, போரடிப்பு போயிற்று. களையெடுப்பு, நாற்று நடவு, மாட்டுக்குப் புல் அறுப்பு, தண்ணீர், அடுப்பு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. அவர்களுக்கு உழைப்பு குறையவில்லை. சாப்பாட்டின் தரம் மட்டும் குறைந்தது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருக்கும் சோறும் ரசமும்தான் அவர்கள் தட்டுக்கு வருகிறது. அதனால் 'சோற்றைக் குறை' என்ற யோசனை வீட்டில் எல்லோருக்கும் பொருந்தாது. அவர்களுக்குப் பருப்பும் கீரையும் முட்டையும் கூட வேண்டும். கீரை என்றதும் ஒன்று: களைக்கொல்லி அடித்த நிலத்தில் பண்ணைக் கீரை முளைப்பதில்லை. தப்பி முளைத்தாலும் அதைப் பறிக்காதீர்கள்.

இந்த மாவட்டத்தில் மூட்டு வலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிணறு வற்றி ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போன பிறகு, பாறை அடியிலிருந்து வரும் தண்ணீரில் புளோரைடு பல இடங்களில் அளவுக்கு மேல் இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லை. பல்லில் பழுப்புக் கறை, இடுப்பும் கழுத்தும் விறைப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் அந்தத் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரைத் துணிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் விடலாம்.

சரி, ராகிக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராகியில் கால்சியம் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம். அரிசியில் பத்துக்கும் கீழே. நார்ச்சத்து அரிசியைப் போல நான்கு மடங்கு. இதெல்லாம் உண்மை. ஆனால் ராகியிலும் மாவுச்சத்துதான் அதிகம். நைசாக அரைத்து, சலித்து, கஞ்சியாகக் காய்ச்சிச் சர்க்கரை போட்டுக் குடித்தால் ரத்தச் சர்க்கரை வேகமாகவே ஏறும். சலிக்காத மாவில் கெட்டிக் களி, அதுவும் ஒரு உருண்டை. பக்கத்தில் கொள்ளோ அவரையோ கீரையோ தாராளமாக. அப்போதுதான் பலன். மாத்திரை சாப்பிடுபவர்கள் களி சாப்பிடுகிறோம் என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

வேளாண்மைத் துறையிலும் மகளிர் குழுக்களிலும் களப்பணி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாமை ஏன் தட்டிலிருந்து போனது என்று எந்த வயதான பெண்ணையும் கேளுங்கள். உரலும் உலக்கையும் என்பார். ராகிக்கு உமி ஒட்டியிருக்காது. அடித்துத் தூற்றினால் நேரே மாவு மில்லுக்குப் போகலாம். சாமைக்கு உமி நீக்கியாக வேண்டும். அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்தது. வெள்ளை அரிசி வந்ததும் அவர்கள் உலக்கையை வைத்ததில் வியப்பில்லை. சிறுதானியத்தின் பெருமையை மேடையில் பேசுவதைவிட, நடந்து போகும் தூரத்தில் ஒரு உமி நீக்கும் எந்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் வெள்ளையாகத் தீட்டாமல் தவிட்டோடு எடுக்கச் சொல்லுங்கள். பளபளவென்று தீட்டிய சாமைக்கும் ரேஷன் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளைக்கு 100 கிராம் ராகி மாவு என்றால் ஆண்டுக்கு 180 கிலோ போதும். சுமாரான மழை பெய்தாலே அரை ஏக்கர் மானாவாரியில் இது கிடைத்துவிடும். மரவள்ளிக்கும் தக்காளிக்கும் நிலத்தை ஒதுக்குபவர்கள், ஓரத்தில் அரை ஏக்கரை வீட்டுக்கென்று விடலாம். ஊடே சில சால் அவரையோ துவரையோ போட்டால் குழம்புக்கும் ஆயிற்று. தட்டை மாட்டுக்கு. ராகியில் பூச்சி எளிதில் விழாது; நன்றாகக் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

விற்க நினைப்பவர்களுக்கும் நிலைமை முன்பு போல் இல்லை. 2023-24-ல் குவிண்டாலுக்கு 3,846 ரூபாயாக இருந்த ராகியின் ஆதார விலை 2025-26-க்கு 4,886 ரூபாய். நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடியாகக் கொள்முதல் செய்து, 2023 முதல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. உங்கள் அட்டைக்கு வரும் ராகியை வாங்காமல் விடாதீர்கள். கோழிக்குப் போடவும் செய்யாதீர்கள். சாமைக்கு ஆதார விலை கிடையாது. எனவே அதை விற்பனைக்குப் பயிரிடும் முன் வாங்குபவரைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மானாவாரி ராகிக்கு ஆடிப் பட்டம் ஏற்றது. பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பையூர் 2 இந்தப் பகுதி மண்ணுக்குப் பழகிய ரகம். கோ 15, அத்தியந்தல் 1 ஆகியவையும் உண்டு. நேரடி விதைப்பு என்றால் ஏக்கருக்கு 4 முதல் 6 கிலோ விதை தேவைப்படும். உங்கள் நிலத்துக்கும் பட்டத்துக்கும் எது ஏற்றது, விதை கைவசம் இருக்கிறதா என்பதைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ சித்திரை, வைகாசியிலேயே கேட்டுவிடுங்கள். ஆடி பிறந்த பிறகு போனால் நல்ல விதை மிச்சம் இருப்பது சந்தேகம்தான்.