தடித்த அரிசிக்கு ஒரு நியாயம்

ரேஷன் பையைப் பிரித்ததும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். வாடை அடித்தால் இட்லி மாவுக்கு, இல்லையென்றால் சோற்றுக்கு. விருந்தாளி வந்தால் மட்டும் கடையில் வாங்கிய வெள்ளைவெளேர் பச்சரிசி உலையில் விழும். தடித்த புழுங்கலரிசிச் சோற்றை அடுத்தவர் இலையில் போட அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் தேவையில்லை. ஏன் என்பதற்கு ஒரு பழைய கோழிக்கதை இருக்கிறது.

1890களில் டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவின் படேவியாவில், கிறிஸ்டியான் ஐக்மான் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. சில மாதம் கழித்துத் தாமாகவே தேறின. விசாரித்தபோது காரணம் சமையற்கட்டில் கிடைத்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போயிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர் அதைத் தர மறுத்துவிட, அவை பழையபடி தீட்டாத அரிசியைத் தின்று பிழைத்தன. தவிட்டில் இருந்த தயமின் என்னும் வைட்டமின் பி1தான் அவற்றைக் காப்பாற்றியது என்பது தெளிவாக இன்னும் பல ஆண்டுகள் ஆயின. மாவுச்சத்தை உடல் ஆற்றலாக்கத் தயமின் வேண்டும். அது குறைந்தால் நரம்பும் இதயமும் தளரும்; அதுதான் பெரிபெரி. ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

புழுங்கலரிசிக்காக நெல் அவிப்பதை நான் சிறுவயதில் பார்த்தது நினைவுக்கு வருகிறது. அண்டாவில் ஊறிய நெல்லை அடுப்பேற்றினால், ஆவி கிளம்பி உமி வாய் பிளக்கும். அதுதான் பதம். அந்த ஈரமும் சூடும் தவிட்டுப் பகுதியில் உள்ள தயமினை அரிசியின் உள்ளே இறக்கிவிடுகின்றன. பிறகு எந்திரத்தில் தீட்டினாலும் பெரும்பகுதி உள்ளேயே தங்கும். பச்சரிசியிலோ தவிட்டோடு போய்விடும். மிச்சத்தைத் தேய்த்துக் கழுவும் தண்ணீரும், வடித்துக் கொட்டும் கஞ்சியும் கொண்டுபோகும். பழைய சென்னை மாகாணத்திலேயே பெரிபெரி அதிகம் வாட்டியது, ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட ஆந்திரக் கரையோரத்தைத்தான்.

தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷனில் புழுங்கலரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கையில் காசில்லாதவர் வீட்டுக்கும் இந்தச் சத்து போய்ச் சேர வழி இருக்கிறது. ஆனால் அக்காவின் மூக்கு பொய் சொல்வதில்லை. குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் நெல் ஊறினால் புளித்து வாடை ஏறும். சுமார் 70 டிகிரி வெந்நீரில் நான்கு மணி நேரத்துக்குள் ஊறவைத்தால் அந்த வாடை வராது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. ரேஷன் அரிசிக்கான நெல் எல்லா ஆலைகளிலும் வெந்நீரில்தான் ஊற வேண்டும்.