வாடையோடு வரும் கரி

2022 டிசெம்பர் 9ஆம் திகதி, காற்று கெட்டுப்போனதற்காக இலங்கை முழுவதும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நின்ற நேரம். இந்தியப் பக்கத்து மாசு அந்த இழுப்பில் தெற்கே இறங்கியதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கியது. யாழ்ப்பாணத்து வானம் பகலிலும் மங்கிக் கிடந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டித் தீவகத்துக்குள் போனால் அல்லைப்பிட்டி. பனையும் பரவைக்கடலும் சூழ்ந்த இந்த ஊருக்குப் புகை எங்கிருந்து வருகிறது என்பதைக் காற்றின் திசைதான் முதலில் சொல்லும். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் இந்து சமுத்திரத்தின் காற்றைக் கொண்டுவருகிறது, கரித்துகள் குறைவு. ஐப்பசிக்குப் பிறகு காற்று வாடைக்கு மாறுகிறது. கார்த்திகை, மார்கழி மழை துகள்களைக் கழுவி இறக்கிவிடும். மழை ஓய்ந்த தை, மாசியில்தான் சிக்கல்: காற்று நிலப்பக்கமிருந்து வருகிறது, கழுவ மழையில்லை, குளிர்ந்த இரவுகளில் புகை மேலெழாமல் நிலத்தோடு தங்கிவிடுகிறது.

இந்தப் பருவத்தில்தான், 1999 ஜனவரி முதல் மார்ச் வரை, இந்து சமுத்திரப் பரிசோதனை நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. இராமநாதனும் நொபெல் பரிசாளர் போல் குருட்சனும் முன்னின்ற அந்த ஆய்வு, வட இந்து சமுத்திரத்தின் மேல் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் உயரம்வரை பழுப்புப் புகைமூட்டம் பரந்திருப்பதைக் கண்டது.

அது எதன் புகை? 2009இல் வெளியான ஓர் ஆய்வு கரியின் வயதைக் கொண்டே விடை தேடியது. விறகிலும் வைக்கோலிலும் கதிரியக்கக் கார்பன்-14 உண்டு. அதில் பாதி அழிய 5,730 ஆண்டுகள் செல்லும். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது மிஞ்சியிருக்காது. மாலைதீவிலும் மகாராஷ்டிராவின் சிங்ககாட்டிலும் பிடித்த கரித்துகள்களில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை விறகு, சாணம், பயிர்க்கழிவு எரிந்து வந்தவை. வாகனமும் ஆலையும் மட்டுமே குற்றவாளிகள் என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

தீவகத்தின் சொந்தக் கரியும் இருக்கிறது. குறிகட்டுவான் படகுகளின் டீசல், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்பிறப்பாக்கிகளின் டீசல். இம்மூன்று தீவுகளுக்கும் சூரியசக்தி, காற்றாலை கலந்த மின்திட்டம் அமைக்க 2022இல் இந்தியாவுடன் உடன்பாடு ஏற்பட்டது.

ஆனால் வருடம் முழுவதும் எரிவது அடுப்பு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில்தான் சமைத்தன. 2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது பலர் மீண்டும் விறகுக்குத் திரும்பினர். காவோலை, பன்னாடை, ஊமல், பொச்சுமட்டை எல்லாம் மாரியில் ஈரம் இழுக்கும். ஈர விறகு சரியாக எரியாமல் புகையும். மழைக்குச் சாத்திய குசினிக்குள் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அடுப்படியில் நிற்கும் பெண். கடல் கடந்துவரும் புகைக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட அவருக்குக் கிடைப்பதில்லை.

கரித்துகள் காற்றில் தங்குவது சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரங்கள். ஆகவே மூலத்தைக் குறைத்தால் பலன் உடனே தெரியும். ஆவணிக்குள் விறகைக் காயவைத்துக் கூரைக்குள் அடுக்குவது, அடுப்புக்கு மேல் புகைக்கூடு வைப்பது: இரண்டுக்கும் வாடை திரும்பும்வரை காத்திருக்கத் தேவையில்லை.