மினசோட்டா ஏரியில் சொந்த ஸ்கீ போட்: ஒரு நாளுக்கு எவ்வளவு ஆகுது தெரியுமா?

ஆன்சைட்ல போய் மினியாபொலிஸ் பக்கம் செட்டில் ஆன நம்ம ஆளுங்க வீட்டுல, ரெண்டாவது சம்மர் வந்தா ஒரு பேச்சு வந்துடும்: "நாமளும் ஒரு போட் வாங்கலாமா?" ஆசைப்படுறதுல தப்பே இல்ல. அந்த மாநிலத்து கார் நம்பர் பிளேட்லயே "10,000 ஏரிகள்"னு போட்டிருக்கும். அதுவும் அடக்கமா சொன்ன கணக்கு. 10 ஏக்கருக்கு மேல இருக்குற ஏரிகள் மட்டுமே 11,842. டார்கெட், பெஸ்ட் பை மாதிரி பெரிய கம்பெனிகளோட தலைமை அலுவலகம் அந்த ஊர்ப் பக்கம்தான், அதனால நம்ம ஐ.டி. மக்களும் அங்க நிறைய. ஆறு மாசம் பனியில அடைஞ்சு கிடந்துட்டு, ஜூன் மாசம் ஒரு சனிக்கிழமை ஏரிக்கரையில நின்னு பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோட போட்ல போறதைப் பார்த்தா யாருக்குத்தான் ஆசை வராது?

தண்ணீர்ல ஸ்கீ போடுற விளையாட்டு பிறந்ததே அந்த மாநிலத்துலதான். 1922-ல், லேக் சிட்டிங்கிற ஊர்ல இருக்குற பெப்பின் ஏரியில, ரால்ப் சாமுவேல்சன்னு 18 வயசுப் பையன் ரெண்டு பலகையோட நுனியை வெந்நீர்ல வளைச்சு, அதைக் கால்ல கட்டிக்கிட்டு, சகோதரர் ஓட்டின படகுக்குப் பின்னால தண்ணி மேல நின்னு காட்டினான். அவன் அதுக்குக் காப்புரிமை வாங்கல. 1925-ல் ஃப்ரெட் வாலர்னு வேற ஒருத்தர் தண்ணீர் ஸ்கீக்குக் காப்புரிமை வாங்கிட்டார். பர்சனல் ஃபைனான்ஸ் பிளாக்ல இதைச் சொல்லாம எப்படி விடுறது!

சரி, கணக்குக்கு வருவோம். முதல்ல, ஸ்கீ போட்னா எது? டீலர் ஷோரூம்ல எல்லாமே ஒரே மாதிரி பளபளன்னு இருக்கும். ஆனா ஸ்கீக்குன்னே செய்யுற போட்ல இன்ஜின் நடுவுல இருக்கும், பின்னால எழும்புற அலை சின்னதா இருக்கும். ஸ்கீ போடுறவருக்கு அலை குறைவா இருக்கணும். வேக் சர்ஃபிங் போட் இதுக்கு நேர் எதிர். அதுல டேங்க்ல தண்ணியை நிரப்பி, எடையை ஏத்தி, வேணும்னே பெரிய அலையை எழுப்புவாங்க. விலையும் பெரிசு. நீங்க ஸ்கீ போட் கேட்டுப் போனா, விற்கிறவர் மெதுவா அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போவார். உங்க குடும்பத்துக்கு எது தேவைன்னு முடிவு பண்ணிட்டு உள்ள போங்க.

புதுசா ஒரு நல்ல ஸ்கீ போட்னா ஒரு லட்சம் டாலரைச் சாதாரணமாத் தாண்டும். நம்ம கணக்குக்கு ரவுண்டா ஒரு லட்சம்னே வச்சுப்போம். 20,000 டாலர் முன்பணம், மீதி 80,000 கடன், 8% வட்டி, 15 வருஷம். ஆமா, போட் லோனை 15 வருஷம், 20 வருஷம்னு நீட்டிக் குடுப்பாங்க. அதனாலதான் மாசத் தவணை சின்னதாத் தெரியுது: சுமார் 765 டாலர். "ஒரு கார் இ.எம்.ஐ. மாதிரிதானே"னு தோணும். 15 வருஷம் கட்டி முடிச்சா மொத்தம் கிட்டத்தட்ட 1,37,600 டாலர். அதுல வட்டி மட்டும் 57,600.

இதைவிட முக்கியமான நம்பர் இன்னொண்ணு இருக்கு. 5 வருஷம் ஒழுங்காத் தவணை கட்டினா நீங்க கட்டியிருக்குறது சுமார் 46,000 டாலர். பாக்கி அசல் எவ்வளவு இருக்கும்? இன்னும் 63,000. அதாவது 46,000 கட்டினதுல அசல் குறைஞ்சது வெறும் 17,000. அந்த நேரத்துல போட்டை விற்கணும்னு நிலைமை வந்து, சந்தையில 58,000-க்குத்தான் கேக்குறாங்கன்னு வைங்க. போட்டையும் குடுத்து, கையில இருந்து 5,000-மும் எடுத்து வைக்கணும். முன்பணமாப் போட்ட 20,000 தனிக்கதை.

"விற்கணும்னு நிலைமை ஏன் வரணும்?"னு கேட்டீங்கன்னா, இங்கதான் நம்ம ஆளுங்க நிலைமை பக்கத்து வீட்டு அமெரிக்கர் நிலைமை இல்ல. எச்-1பி விசா பொதுவா 6 வருஷம்தான். கிரீன் கார்டு வேலைகள் ஒரு கட்டம் தாண்டியிருந்தா நீட்டிப்பு கிடைக்கும். வேலை போனா, அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதுக்குள்ள வேற கம்பெனி மனு போடணும், இல்ல விசா வகையை மாத்தணும், இல்ல கிளம்பணும். 60 நாளுக்குள்ள வீட்டை காலி பண்றதே பெரும்பாடு. அந்த 60 நாள் ஜனவரியில வந்தா? ஏரி ஐஸ் கட்டி, போட் கவர் போட்டுக் கிடக்குற மாசத்துல அதை யார் வந்து வாங்குவா? 60 நாள் அவகாசத்துல வாழுற குடும்பம் 180 மாசத் தவணைக்குக் கையெழுத்துப் போடக்கூடாதுங்கிறது என்னோட உறுதியான கருத்து. இதுல "ஆனா"வுக்கெல்லாம் நான் இடம் குடுக்க மாட்டேன்.

இன்னொரு ஆசை வார்த்தையும் காதுல விழும்: "போட் லோன் வட்டிக்கு வரி விலக்கு இருக்கு." அமெரிக்க வரிச் சட்டத்துல ஒரு போட்டை ரெண்டாவது வீடா எடுத்துக்க வழி இருக்குறது உண்மைதான். ஆனா அதுல தூங்க இடம், சமைக்க வசதி, டாய்லெட் மூணும் இருக்கணும். ஸ்கீ போட்ல இந்த மூணுல ஒண்ணும் இருக்காது. அந்த விலக்கு பெரிய கேபின் போட் வச்சிருக்குறவங்களுக்கு.

அப்ப போட்டே வேண்டாம்னு சொல்றேனா? இல்ல. விலையைப் பார்க்காம, நாளை எண்ணுங்கன்னு சொல்றேன்.

மே கடைசித் திங்கள் மெமோரியல் டே, செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் அங்க முழு சீசன். ரெண்டு பக்கத்தையும் சேர்த்தா 15 வார இறுதி. அதுல மழை நாலு நாள், காத்து நாலு நாள், பர்த்டே பார்ட்டி, ரிலீஸ் வீக்கெண்ட்ல ஆன்-கால், ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் ஊருக்கு வர்ற மூணு வாரம். ஸ்கீக்குத் தண்ணி கண்ணாடி மாதிரி அசையாம இருக்கணும், அது பெரும்பாலும் விடியக்காலையிலதான் கிடைக்கும். சனிக்கிழமை காலை 6 மணிக்கு உங்க வீட்டுல எத்தனை பேர் எழுந்திருப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்க. நல்லா மெனக்கெடுற குடும்பத்துக்கு வருஷம் 20 நாள்னு வச்சுப்போம்.

புது போட்டுக்குத் தவணை வருஷத்துக்கு சுமார் 9,170 டாலர். இன்சூரன்ஸ் 900, குளிர்காலத்துக்குத் தயார் பண்ற செலவு 400, நிறுத்தி வைக்க வாடகை 800, சில்லறை ரிப்பேர் 1,000, பெட்ரோல் 1,125 (ஒரு நாளைக்கு ரெண்டரை மணி நேரம், மணிக்கு 5 கேலன், கேலன் நாலரை டாலர்னு). எல்லாம் என்னோட அனுமானம்தான், உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. கூட்டினா 13,400 பக்கம் வருது. 20 நாளுக்கு வகுத்தா ஒரு நாளுக்கு 670 டாலர். முன்பணத்தை இதுல சேர்க்கவே இல்ல.

இப்ப பழசு. 25,000 டாலருக்கு, நல்லாப் பராமரிச்ச, 15 வருஷப் பழைய போட், முழுப் பணமும் குடுத்து வாங்குறீங்க. வருஷத் தேய்மானம் 1,500, அந்தப் பணத்தை டெபாசிட்ல போட்டிருந்தா வந்திருக்குற வட்டி 1,000, இன்சூரன்ஸ் 400, குளிர்கால வேலை 400, நிறுத்துற வாடகை 800, ரிப்பேருக்கு டபுளா 2,000, பெட்ரோல் அதே 1,125. மொத்தம் 7,225. ஒரு நாளுக்கு 361. கிட்டத்தட்ட பாதி. முக்கியமா, வேலை போனா தலைக்கு மேல கடன் இல்ல.

வாடகைக்கு எடுத்தா? ஒரு நாளைக்கு 450 டாலர், பெட்ரோல் தனின்னு வைங்க. மேல சொன்ன பழைய போட்டோட நிலையான செலவு வருஷம் 6,100. அதை 450-ஆல வகுத்தா 13.5 வருது. அதாவது, வருஷத்துக்கு 14 நாளாவது ஏரிக்குப் போனாத்தான் சொந்த போட் லாபம். அதுக்குக் கீழ போறவங்களுக்கு வாடகைதான். ஒரு எச்சரிக்கை: வாடகைக்குக் கிடைக்குறதுல நிறைய பான்டூன் போட்கள், தட்டையா சோபா போட்ட மாதிரி இருக்கும். அதுல ஸ்கீ இழுக்கப் பல இடத்துல அனுமதி கிடையாது, கேட்டுட்டு புக் பண்ணுங்க. முதல் சம்மர் முழுக்க வாடகைக்கு எடுத்து, போன நாளை எல்லாம் காலண்டர்ல குறிச்சு வைங்க. ஆகஸ்ட் கடைசியில அந்த எண்ணிக்கையே பதில் சொல்லிடும்.

ஏரிக்கரையில வீடு இருந்தாத்தான் போட் வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. மினசோட்டாவுல மாநில இயற்கை வளத் துறை பராமரிக்குற படகு இறக்குற இடங்கள் ஏரி ஏரியா இருக்கு, இறக்கக் கட்டணம் இல்ல. மினடோங்கா மாதிரி ஏரிக்கரையில வீட்டு விலை தலை சுத்தும், ஆனா தண்ணி எல்லாருக்கும் பொது. என்ன, போட்டை டிரெய்லர்ல இழுத்துட்டுப் போகணும். டிரெய்லரோட சேர்த்து ரெண்டு டன் பக்கம் வரும். உங்க செடான் இழுக்காது. போட்டுக்காகப் பெரிய எஸ்.யு.வி. மாத்துறதா இருந்தா அந்த வித்தியாசமும் போட் செலவுதான், அதைக் கார் கணக்குல எழுதி மனசைத் தேத்திக்காதீங்க. ஏரியை விட்டு வெளிய எடுத்ததும் அடியில இருக்குற வடிகால் மூடியைக் கழட்டித் தண்ணியை வடிச்சுட்டுத்தான் ரோட்டுல ஏறணும், அது சட்டம். ஜீப்ரா மசல்னு ஒரு சின்னச் சிப்பி ஒரு ஏரியில இருந்து இன்னொரு ஏரிக்குப் பரவிடக்கூடாதுன்னுதான்.

பழைய போட் பார்க்கப் போறவங்களுக்கு: கார்ல கிலோமீட்டர் மாதிரி இதுல இன்ஜின் ஓடின மணி நேரம்தான் கணக்கு. ஆனா அதைவிட முக்கியமான கேள்வி, "ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்னாடி தண்ணியை வடிச்சீங்களா, பில் இருக்கா?" இந்த இன்ஜின்கள் பெரும்பாலும் கார், டிரக்ல வர்ற வி-8 இன்ஜினைப் படகுக்கு மாத்தினதுதான். ஏரித் தண்ணியையே உள்ள இழுத்துக் குளிர வைக்கும். அந்தத் தண்ணி கொஞ்சம் உள்ளயே தங்கி, மைனஸ் 20-ல உறைஞ்சா இன்ஜின் பிளாக்கே விரிசல் விட்டுடும். 400 டாலர் மிச்சம் பிடிச்சவர் வித்த போட்ல நீங்க பல ஆயிரம் டாலர் இன்ஜின் மாத்த வேண்டி வரும். ரொம்பப் பழைய மாடல்கள்ல தரைக்கு அடியில மரச்சட்டம் இருக்கும், அது ஊறி உளுத்துப் போயிருக்கும். மேல பெயின்ட் எவ்வளவு மின்னினாலும் தெரியாது. 25,000 குடுக்குற இடத்துல சில நூறு டாலர் குடுத்து ஒரு சர்வேயரைக் கூட்டிட்டுப் போறது செலவே இல்ல.

போட்டுக்கு முன்னாடி செலவு பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு: நீச்சல் கிளாஸ். நம்ம வீடுகள்ல அப்பாவுக்கும் அம்மாவுக்குமே நீச்சல் தெரியாம இருக்கும், குழந்தைக்கு மட்டும் கிளாஸ் போடுவாங்க. ரெண்டு பேரும் சேருங்க. அங்க 10 வயசுக்குக் கீழ உள்ள குழந்தை ஓடுற போட்ல லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும்னு சட்டம், பெரியவங்களும் வெக்கப்படாமப் போடுங்க. ஓட்டுறவருக்கும் இப்ப பர்மிட் வந்தாச்சு. 2025-ல் தொடங்கி வயசு வாரியா அமலுக்கு வருது. 1987 ஜூன் 30-க்குப் பிறகு பிறந்தவங்க எல்லாரும் 2028-க்குள்ள இதுல வந்துடுவாங்க, அதாவது இதைப் படிக்குற முக்கால்வாசிப் பேர்.

குழந்தைக்கு 6 வயசுன்னா, காலேஜ் போறதுக்குள்ள உங்களுக்குக் கிடைக்குறது 12 சம்மர். அதுல கடைசி மூணு நாலு சம்மர் அவங்க ஃப்ரெண்ட்ஸோடதான் இருப்பாங்க. போட்டோட பக்கவாட்டுல ஒரு கம்பி நீட்டி வச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குழந்தைகள் முதல்ல ஸ்கீ கத்துக்கும். நீங்க ரெண்டடி தள்ளி உட்கார்ந்து அது முகத்தைப் பார்த்துட்டே போகலாம். கூலர்ல தயிர்சாதம், மாவடு, வீட்டுக்காரம்மா ஸ்டியரிங். இதுக்காக வருஷம் 7,000 டாலர் குடுக்கலாமான்னு கேட்டா, அவசர நிதி ஆறு மாசத்துக்கு இருந்து, ஓய்வுகாலச் சேமிப்பு தடையில்லாமப் போய்க்கிட்டு இருந்து, காலண்டர்ல 14 நாளுக்கு மேல குறிச்சிருந்தா, தாராளமாக் குடுங்கன்னுதான் சொல்வேன்.

எப்ப வாங்குறது? ஏப்ரல், மே மாசம் எல்லாரும் தேடுற நேரம், பேரம் படியாது. லேபர் டே முடிஞ்சதும், குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைக்க வாடகை குடுக்கணுமேன்னு விற்கிறவங்க வருவாங்க. செப்டம்பர் நடுவுல இருந்து அக்டோபர் வரைக்கும் தேடுங்க. "இன்ஜினைக் கரையிலயே ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. தண்ணியில இறக்கி, அரை மணி நேரம் முழு வேகத்துல ஓட்டிப் பார்த்துட்டுத்தான் செக்குல கையெழுத்து. நவம்பர் வந்துட்டா இன்ஜின்ல தண்ணியை வடிச்சு மூடி வச்சிருப்பாங்க, அப்புறம் ஓட்டிப் பார்க்க அடுத்த ஏப்ரல் கடைசி வரைக்கும் காத்திருக்கணும்.