அயல்நாட்டு டெலிபோன் கட்டணமும் வளர்முக நாடுகளும்

மும்பையிலிருந்து ஒருவர் நியூயார்க்கில் உள்ளவருடன் டெலிபோனில் பேசுவாராயின், அப்பேச்சுக்கு இரண்டு நாடுகளின் கம்பிகளும் எக்ஸ்சேஞ்சுகளும் பயன்படுகின்றன. ஆனால் பணம் செலுத்துபவர் ஒருவரே. பேச்சு தொடங்கிய நாட்டிலேயே முழுத் தொகையும் வசூலாகிவிடுகிறது. அழைப்பை ஏற்று, உரியவரின் வீட்டில் மணியை ஒலிக்கச் செய்த மறு நாட்டுக்கு அதில் எவ்வளவு சேரவேண்டும்? இக்கேள்வி டெலிபோன் தோன்றுவதற்கு முன்பே, தந்தி காலத்திலேயே எழுந்ததாகும். 1865-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் சர்வதேசத் தந்தி யூனியன் நிறுவப்பட்டதற்கு இக்கணக்கு வழக்கும் ஒரு காரணம். அந்த அமைப்பே பின்னர் சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் என்னும் பெயருடன் ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்ததாயிற்று.

அதன் ஆதரவில் வளர்ந்த பழைய ஏற்பாட்டில் மூன்று விகிதங்களைப் பிரித்தறிதல் வேண்டும். வாடிக்கையாளர் தம் நாட்டில் செலுத்துவது வசூல் கட்டணம். இரு நாட்டு நிர்வாகங்களும் தமக்குள் பேசி ஒப்புக்கொள்ளும் நிமிஷ விலை, கணக்கு விகிதம். அவ்விலையில் வழக்கமாகச் சரிபாதியை அழைத்த நாடு அழைக்கப்பட்ட நாட்டுக்கு அளிக்கும். அது தீர்வு விகிதம். ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். கணக்கு விகிதம் நிமிஷத்திற்கு ஒரு டாலர் என்று கொள்வோம். முதல் நாட்டிலிருந்து ஓராண்டில் 100 லட்சம் நிமிஷங்களும், இரண்டாம் நாட்டிலிருந்து 40 லட்சம் நிமிஷங்களும் பேசப்படுகின்றன. முதல் நாடு தரவேண்டியது 50 லட்சம் டாலர். பெறவேண்டியது 20 லட்சம் டாலர். ஆண்டு முடிவில் எஞ்சிய 30 லட்சம் டாலரே கைமாறும்.

இரு திசைப் பேச்சும் ஏறத்தாழச் சமமாக இருந்தவரை இம்முறையால் எவருக்கும் தொல்லை விளையவில்லை. நாளடைவில் சமநிலை குலைந்தது. செல்வ நாடுகளில் குடியேறிய மக்கள் தாயகத்திலுள்ள உறவினரை அழைப்பது பெருகிற்று. அங்கு கம்பெனிகளுக்கிடையே போட்டி ஏற்பட்டதால் வசூல் கட்டணமும் குறைந்தது. மறுமுனையிலோ ஏகபோக நிர்வாகங்கள் கட்டணத்தை உயர்த்தியே வைத்திருந்தன. இதற்கிடையில் 'திரும்ப அழைக்கும்' கம்பெனிகள் சில அமெரிக்காவில் தோன்றின. வளர்முக நாட்டிலுள்ளவர் குறிப்பிட்ட எண்ணைச் சுழற்றி, மணி ஒலித்ததும் பேசாமல் வைத்துவிடுவார். அங்குள்ள இயந்திரம் உடனே அவரைத் திரும்ப அழைத்து இணைப்புத் தரும். இவ்வாறு, உண்மையில் இங்கிருந்து புறப்பட்ட பேச்சும் கணக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த பேச்சாகவே பதிவாயிற்று.

1996-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கம்பெனிகள் பிற நாடுகளுக்குத் தீர்த்த நிகரத் தொகை 500 கோடி டாலருக்கு மேற்பட்டது. பெற்ற நாடுகளில் மெக்ஸிகோ முன்னின்றது. சீனா, பிலிப்பைன்ஸ், இந்தியா ஆகியவையும் பெருந்தொகை பெற்றன. வளர்முக நாட்டுக்கு இது வெறும் வருவாய் அன்று. எக்ஸ்சேஞ்சு இயந்திரங்களையும் கேபிள்களையும் இறக்குமதி செய்வதற்கு இன்றியமையாத அந்நியச் செலாவணி ஆகும். டெலிபோன் வளர்ச்சி பற்றி ஆராய 1980-களில் சர் டொனால்டு மெய்ட்லண்டு தலைமையில் அமைந்த கமிஷன், செல்வ நாடுகளுக்கும் வளர்முக நாடுகளுக்கும் இடையிலான பேச்சு வருவாயில் ஒரு சிறு பகுதியைப் பின்தங்கிய நாடுகளின் தொலைத்தொடர்புக்கென ஒதுக்கலாம் என்று யோசனை கூறியிருந்தது. அந்த யோசனை உருப்பெறவில்லை. தீர்வு விகிதமே மறைமுகமாக அவ்வேலையைச் செய்துவந்தது எனலாம்.

எனினும் விகிதத்திற்கும் அடக்கச் செலவிற்கும் உள்ள தொடர்பு அற்றுப்போயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. 1956-ல் அட்லாண்டிக் கடலடியில் இடப்பட்ட முதல் டெலிபோன் கேபிளில் 36 பேச்சு வழிகளே இருந்தன. 1988-ல் அதே கடலில் இடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் ஏறத்தாழ 40,000 பேச்சுகளை ஒரே சமயத்தில் சுமக்கக் கூடியதாயிருந்தது. விகிதங்கள் செலவை ஒட்டியிருத்தல் வேண்டும் என்று 1992-ல் சர்வதேச யூனியனே பரிந்துரைத்தது. பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தவில்லை.

1997 ஆகஸ்டில் அமெரிக்க மத்தியத் தொலைத்தொடர்புக் கமிஷன் தானாகவே ஓர் உச்சவரம்பை விதித்தது. உயர் வருவாய் நாடுகளுக்கு நிமிஷத்திற்கு 15 ஸென்ட், நடுத்தர வருவாய் நாடுகளுக்கு 19 ஸென்ட், குறைந்த வருவாய் நாடுகளுக்கு 23 ஸென்ட். இவற்றுக்கு மேல் அமெரிக்கக் கம்பெனிகள் கொடுத்தலாகாது. உயர் வருவாய் நாடுகளுக்கு 1998 ஜனவரியிலிருந்து ஓராண்டே தவணை. குறைந்த வருவாய் நாடுகளுக்கு நான்கு ஆண்டு. நூறு பேருக்கு ஒரு டெலிபோன்கூட இல்லாத நாடுகளுக்கு ஐந்து ஆண்டு. இரு தரப்பு உடன்படிக்கையை ஒரு தரப்பு மட்டும் மாற்றலாமா என்று பல நாடுகள் ஆட்சேபித்தன. அயல்நாட்டு நிர்வாகங்கள் வழக்கும் தொடுத்தன. கமிஷன் பிற நாடுகளுக்கு ஆணையிடவில்லை, தன் கம்பெனிகளுக்கே ஆணையிட்டது என்ற அடிப்படையில் 1999 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. சட்டப்படி இது சரியே. ஆயினும் பணம் கொடுப்பவரின் கையைக் கட்டிவிட்டால், வாங்குபவருக்குப் பேரம் பேச என்ன மிஞ்சும்?

வளர்முக நாடுகளின் வாதத்திலும் ஒரு பலவீனம் உண்டு. தீர்வுத் தொகை முழுவதும் கிராமக் கம்பிகளாக மாறியது என்பதற்கில்லை. பல நாடுகளில் அது பொதுக் கஜானாவிற் கலந்தது. மேலும் அத்தொகைக்கு ஆதாரம் யார்? அயல்நாட்டில் உழைத்து, வீட்டாருடன் சில நிமிஷங்கள் பேசுவதற்குப் பெருந்தொகை செலுத்திய கூலித் தொழிலாளியே பெரும்பாலும் அதைச் சுமந்தான்.

இந்தியாவில் அயல்நாட்டுப் பேச்சு முழுவதும் 1986 முதல் விதேஷ் ஸஞ்சார் நிகம் வசம் இருந்தது. உள்ளூர்ப் பேச்சும் மாதவாடகையும் அடக்கச் செலவுக்குக் குறைவாக வைக்கப்பட்டன. அயலூர், அயல்நாட்டுப் பேச்சுகளின் மிகுதி வருவாய் அக்குறையை ஈடுசெய்தது. 1999-ல் டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்கு ஆணையம் அயலூர், அயல்நாட்டுக் கட்டணங்களைக் குறைத்து வாடகையை உயர்த்தத் தொடங்கியது. 2002 ஏப்ரலில் அயல்நாட்டுப் பேச்சில் ஏகபோகம் முடிவுற்றது.

அப்படியாயின் கிராமத்து டெலிபோனுக்குப் பணம் எங்கிருந்து வரும்? இதற்கு இரண்டு வழிகள் காணப்பட்டன. முதலாவது, 2002-ல் ஏற்பட்ட பொதுச்சேவைக் கடப்பாட்டு நிதி. உரிமம் பெற்ற கம்பெனிகளின் சரிசெய்யப்பட்ட வருவாயில் நூற்றுக்கு ஐந்து பங்கு இதற்கெனப் பெறப்பட்டது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இது டிஜிட்டல் பாரத் நிதி எனப்படுகிறது. இரண்டாவது, 2003 முதல் விதிக்கப்பட்ட இணைப்புப் பற்றாக்குறைக் கட்டணம். அயல்நாட்டிலிருந்து வரும் பேச்சின்மீது இது 2005-ல் நிமிஷத்திற்கு ரூ. 3.25 ஆகவும், 2006-ல் ரூ. 1.60 ஆகவும், 2007-ல் ஒரு ரூபாயாகவும் இருந்து 2008-ல் நீங்கியது.

இவ்விரண்டாம் வழி பழைய நோயையே புதிய பெயரில் கொண்டுவந்தது எனில் மிகையாகாது. உள்ளூர்ப் பேச்சுக்கும் அயல்நாட்டுப் பேச்சுக்கும் இடையே இத்தகைய விலை வேற்றுமை இருக்கும்போது, அதைத் தாண்டிக் குதிக்க ஆட்கள் முளைப்பது இயல்பு. கள்ள எக்ஸ்சேஞ்சு அமைப்போர் அயல்நாட்டுப் பேச்சை இண்டர்நெட் வழியாக உள்ளே கொண்டுவந்து, கைப்பேசிச் சிம் அட்டைகள் பல செருகிய பெட்டியொன்றின் மூலம் உள்ளூர்ப் பேச்சாக மாற்றிவிடுகின்றனர். அழைப்பவர் துபாயில் இருப்பார். பெறுபவரின் கைப்பேசியிலோ இந்திய எண் தோன்றும். கள ஊழியர்கள் பொதுமக்களுக்கு விளக்க வேண்டிய அடையாளம் இதுவே. இவ்வாறு எண் மாறி வரும் அழைப்புகளைத் தொலைத்தொடர்புத் துறையின் ஸஞ்சார் ஸாத்தி தளத்தில் தெரிவிக்கலாம். அரசாங்கத்திற்கு வருவாய் இழப்பு ஒருபுறமிருக்க, அழைத்தவர் யாரெனக் கண்டறிய இயலாமற் போவது அதனினும் பெரிய தீங்கு.

அயல்நாட்டுப் பேச்சை ஏற்று முடிப்பதற்கு இந்தியக் கம்பெனிகள் பெறும் தொகையை டிராய் 2018 பிப்ரவரியில் நிமிஷத்திற்கு 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்ததற்கும் கள்ள வழியின் லாபத்தைக் குறைக்கும் நோக்கம் ஒரு காரணமாகும். 2020 மே மாதம் முதல் 35 பைசாவுக்கும் 65 பைசாவுக்கும் இடையில் கம்பெனிகளே பேசி முடிவு செய்து கொள்ளலாம் என்று விதி மாற்றப்பட்டது. இதற்குள் அயல்நாட்டுக் குடும்பப் பேச்சில் பெரும் பகுதி வாட்ஸப் போன்ற இண்டர்நெட் செயலிகளுக்குச் சென்றுவிட்டது. ஒரு செயலியிலிருந்து மற்றொரு செயலிக்குச் செல்லும் அப்பேச்சுக்கு இரு நாடுகளுக்கிடையே எவ்விதத் தீர்வுக் கணக்கும் இல்லை.