நட்சத்திரத்தின் சொல்லும் சேரியின் வாக்கும்: திண்டிவனம், விழுப்புரம் தரும் பாடங்கள்

2004 மக்களவைத் தேர்தலில் பாட்டாளி மக்கள் கட்சி போட்டியிட்ட ஆறு தொகுதிகளிலும் தம் ரசிகர்கள் அக்கட்சிக்கு எதிராகப் பணியாற்றுவார்கள் என்று நடிகர் ரஜினிகாந்த் அறிவித்தார். 2002இல் 'பாபா' திரைப்படம் வெளியானபோது எழுந்த மோதலே அதன் பின்னணி. ஆறில் ஒன்று திண்டிவனம். பாமக நிறுவனர் மருத்துவர் ச. இராமதாசு மருத்துவம் பார்த்து வந்த ஊர். வாக்குகள் எண்ணப்பட்டபோது திண்டிவனம் உட்பட ஆறிலும் பாமகவே வென்றது.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1996இல், இதே நடிகரின் சொல்தான் ஆட்சியை மாற்றியது என்று பேசப்பட்டது. அன்று அவர் திமுக–தமாகா கூட்டணியை ஆதரித்தார். அதிமுக சட்டமன்றத்தில் நான்கு இடங்களுக்குச் சுருங்கியது; ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். சொன்னவர் ஒருவரே, விளைவுகள் மட்டும் ஏன் நேரெதிராக அமைந்தன?

1996இல் ஊழல் குற்றச்சாட்டுகளாலும் ஆடம்பரத்தாலும் மக்கள் ஏற்கெனவே சினந்திருந்தனர். நடிகரின் சொல் அந்தச் சினத்திற்குக் குரல் கொடுத்தது. 2004இல் காற்று திமுக கூட்டணியின் பக்கம் வீசியது. புதுச்சேரி உட்பட நாற்பது தொகுதிகளையும் அக்கூட்டணி வென்றது. பிரபலத்தின் ஆதரவு நீரோட்டத்தோடு செல்லும்போது வேகம் கூட்டுகிறது. எதிர்த்து நிற்கும்போது அடித்துச் செல்லப்படுகிறது.

ஆதரவு அறிக்கை மூன்று வழிகளில் வேலை செய்கிறது என்று நாம் கருதுகிறோம். முதலாவது, அறிமுகம்: தெரியாத வேட்பாளரைத் தெரிந்தவர் வழியாக அறிகிறோம். இரண்டாவது, அனுமதி: இதுவரை நம்மவர் வாக்களிக்காத சின்னத்திற்கு வாக்களிப்பது தவறில்லை என்ற துணிவை அது தருகிறது. மூன்றாவது, திரட்டல்: வீட்டிலிருப்பவரை வாக்குச்சாவடிக்கு வரவழைக்கிறது. அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரே தந்த ஆதரவு, ஜனநாயகக் கட்சியின் 2008 உட்கட்சித் தேர்தலில் ஒபாமாவுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் வாக்குகளைக் கூட்டியது என்று பொருளியல் ஆய்வாளர் இருவர் மதிப்பிட்டனர். ஆனால் 2024இல் டெய்லர் ஸ்விஃப்ட் ஆதரித்த கமலா ஹாரிஸ் தோற்றார்.

தலித் மக்களுக்கு இக்கேள்வி வேறு முகம் கொண்டது. நம் ஊர்களில் 'ஆதரவு' என்பது நெடுங்காலம் வேண்டுகோளாக இருந்ததில்லை. ஊர் சேரிக்கு இடும் கட்டளையாகவே இருந்தது. தேர்தலைப் புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் முதன்முறையாகக் களமிறங்கினர். சிதம்பரத்தில் தொல். திருமாவளவன் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். அதற்கு விலையாக அத்தொகுதியில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. யார் சொல்லியும் அன்றி, தானே தேர்ந்து வாக்களித்ததே அங்கே குற்றமாயிற்று.

தனித்தொகுதியில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 1932 பூனா ஒப்பந்தத்திற்குப் பின் வேட்பாளர் தலித்தாக இருப்பார். ஆனால் தொகுதியின் எல்லா வாக்காளரும் சேர்ந்தே அவரைத் தேர்ந்தெடுப்பர். தொகுதி மறுவரையறைக்குப் பின் திண்டிவனம் மக்களவைத் தொகுதி மறைந்து, 2009 முதல் விழுப்புரம் தனித்தொகுதி வந்தது. இங்கே தலித் வேட்பாளரின் வெற்றி, கூட்டணித் தலைவரின் சொல் தலித் அல்லாத தொண்டரின் விரல்வரை சென்று சேர்கிறதா என்பதைப் பொறுத்தது.

2019ஐ எண்ணிப் பார்ப்போம். ஒரே கூட்டணி, ஒரே தலைவர்களின் பரப்புரை, விடுதலைச் சிறுத்தைகளின் இரு வேட்பாளர்கள். விழுப்புரத்தில் உதயசூரியன் சின்னத்தில் நின்ற து. ரவிக்குமார் 1,28,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்ற திருமாவளவன் 3,219 வாக்கு வேறுபாட்டில்தான் வென்றார். எதிர்த்து நின்ற கட்சிகள் வெவ்வேறு என்பதால் முழு வேறுபாட்டையும் சின்னத்தின் மேல் ஏற்ற முடியாது. ஆயினும் தலைவரின் சொல்லை ஏற்கும் தொண்டர் எல்லோரும் தலித் கட்சியின் சின்னத்தை அழுத்தத் தயாராக இருந்தார்களா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. 2024இல் இருவரும் பானையிலேயே நின்று வென்றனர்; கட்சி மாநிலக் கட்சியாக அங்கீகாரமும் பெற்றது. ஐந்தாண்டுகளில் அந்த 'அனுமதி' சற்றே விரிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் திண்டிவனத்து வாக்காளருக்கு நேரடி வாக்கு இல்லை. மக்களவை, மாநிலங்களவை, சட்டமன்றம் ஆகியவற்றின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வாக்களிக்கின்றனர். 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. கொறடா உத்தரவு அங்கே செல்லாது, வாக்கு இரகசியமானது. ஆகவே கட்சித் தலைமையின் ஆதரவு அறிவிப்பே ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. 2017இல் ராம்நாத் கோவிந்த், மீரா குமார் ஆகிய இருவரும் தலித்துகள். 'தலித் ஒருவர் குடியரசுத் தலைவராகட்டும்' என்ற ஆதரவுச் சொல் இரு பக்கமும் சமமாக ஒலித்தபோது, அச்சொல் மட்டும் எதையும் தீர்மானிக்கவில்லை. அணிகளின் எண்ணிக்கையே தீர்மானித்தது.

மக்கள் நேரடியாக வாக்களிக்கும் இலங்கையில் 2015இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மைத்திரிபாலவை ஆதரித்தது. யாழ் மாவட்டத்தில் அவர் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் பெற்றார். 2024இல் தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரித்தது. வேறு சில தமிழ்க் கட்சிகள் அரியநேத்திரனைப் பொது வேட்பாளராக நிறுத்தின. வாக்குகள் சிதறின. ஆதரிப்பவர்கள் பிரிந்தால் அவர்களுடைய சொல்லின் எடையும் பிரிகிறது.

ஆகவே எந்த ஆதரவு அறிக்கை வந்தாலும் நாம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இவர் நமக்குப் புதிதாக எதைத் தெரிவிக்கிறார்? பஞ்சமி நிலம், வன்கொடுமை வழக்கு, கல்வி உதவித்தொகை ஆகியவற்றில் இவர் இதுவரை எங்கே நின்றார்? நம் வாக்கை வேண்டுபவர், தம் மக்களின் வாக்கை நம் வேட்பாளருக்குக் கேட்பாரா? மூன்றாம் கேள்விக்கு வரும் விடையே மேடையில் சூட்டப்படும் மாலையின் உண்மை மதிப்பை நமக்குக் காட்டும்.