ஒளியால் வாழ்ந்து ஒளியால் நலியும் படலம்

விளக்கொளியிலேயே இயங்கும் கால்குலேட்டரின் மேற்புறத்தில் கரும்பழுப்பான பட்டை ஒன்றைப் பலரும் கண்டிருப்பர். அதுவே மென்படலச் சூரிய மின்கலம். அதிலுள்ள சிலிக்கன் படலத்தின் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. கூரைமேல் பொருத்தும் பலகைகளிலுள்ள சிலிக்கன் வில்லைகளோ அதனினும் நூறு மடங்குக்கு மேல் கனமானவை. இவ்வளவு சிறிது பொருளே போதுமெனில், இப்படலமே எங்கும் பரவியிருக்க வேண்டுமன்றோ? பரவாமைக்குக் காரணம் யாது?

சிலிக்கன் அணுவுக்கு நான்கு பிணைப்புகள் உண்டு. அவற்றை நான்கு கைகள் எனக் கொள்வோம். படிகத்தில் ஒவ்வோர் அணுவும் அண்டையிலுள்ள நான்கு அணுக்களைப் பற்றி ஒழுங்காக நிற்கும். படிகமல்லாப் படலத்தில் அவ்வொழுங்கு இல்லை; ஆங்காங்கே ஒரு கை பற்றுவதற்குத் துணையின்றி நிற்கும். இதனைத் தொங்கு பிணைப்பு என்பர். ஒளி பட்டு விடுபடும் எலெக்ட்ரான் இதிற் சிக்கினால், மின்னோட்டமாகாமல் வீணாகும்.

இக்குறை மிகுவதும் குறைவதும் படலம் இடும் முறையைப் பொறுத்தவை. சிலிக்கனை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவிட்டால் குறை பெருகும். சிலேன் வாயுவைக் கொண்டு இடுவது மற்றொரு முறை. சிலேனில் ஒரு சிலிக்கன் அணுவோடு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்துள்ளன. குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் பாய்ச்சினால் அவ்வாயு ஒளிர்ந்து சிதையும். ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள கண்ணாடிமேல் சிலிக்கன் படியும்போது, ஹைட்ரஜனில் ஒரு பகுதியும் உடன் தங்கும். ஒரே கையுடைய ஹைட்ரஜன் அணு, துணையற்ற கையைப் பற்றிக்கொள்ளும். குறை ஆயிரம் மடங்குக்கு மேல் தணியும். ஆயினும் விரைந்து இட்டால் குறை மிகும். மெல்ல இட்டால் செலவு மிகும்.

1975-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டிப் பல்கலைக்கழக அறிஞர் ஸ்பியரும் லெகோம்பரும், இப்படலத்தில் வேற்றணுக்களைச் சேர்த்து அதன் மின்கடத்தலை வேண்டியவாறு மாற்றலாமெனக் காட்டினர். 1976-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல்சனும் ராண்ஸ்கியும் இதனால் ஆன சூரிய மின்கலத்தை அறிவித்தனர். அதன் திறன் 2.4 விழுக்காடே.

அடுத்த ஆண்டிலேயே இடர் ஒன்று வெளிப்பட்டது. கடும் ஒளியில் நெடுநேரம் வைத்த படலத்தின் மின்கடத்தல் குறைவதை ஸ்டேப்லரும் ராண்ஸ்கியும் கண்டனர். 150 பாகைக்கு மேல் சூடாக்கினால் அது பழைய நிலைக்கு மீண்டது. விடுபட்ட எலெக்ட்ரான் மீண்டும் தன் இடம் சேரும்போது வெளிப்படும் ஆற்றல், நலிந்த பிணைப்புகளை முறித்துப் புதிய தொங்கு பிணைப்புகளை உண்டாக்குகிறது என்பது பலர் கூறும் விளக்கம். எந்த ஒளி மின்சாரம் தருகிறதோ, அதே ஒளி கலத்தையும் நலிவிக்கிறது! வெயிலில் சில நூறு மணி நேரத்தில் அதன் திறன் பத்து முதல் முப்பது விழுக்காடு வரை குறைந்து, பின்னரே நிலைபெறும்.

படலத்தை மேலும் மெலிதாக்கியும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் இந்நலிவைக் குறைத்தனர். ஆனால் படிகச் சிலிக்கனின் விலை வீழ்ந்தபோது, மென்படலத்தால் போட்டியில் நிற்க இயலவில்லை.

எனினும் அவ்வாராய்ச்சி வீண்போகவில்லை. படிக வில்லையின் மேற்பரப்பிலும் துணையற்ற கைகள் உண்டு. இன்றைய உயர்திறன் கலங்கள் சிலவற்றில், வில்லையின் இருபுறமும் இதே ஹைட்ரஜன் கலந்த படலத்தை மிக மெல்லியதாகப் பூசி அக்கைகளை அடைக்கின்றனர். தன் குறையால் பின்தங்கிய படலம், இன்று படிகத்தின் குறையைத் தீர்க்கும் மருந்தாகியிருக்கிறது.