நூற்றில் ஒரு பங்கு

ஒரு பிளாஸ்டிக் பொருள் எத்தனை காலம் உழைக்கும், உழைத்து முடித்தபின் எவ்வளவு தொல்லை தரும் என்பதைப் பல நேரம் முடிவு செய்வது, அதில் நூற்றுக்கு ஓரிரு பங்கே சேரும் துணைப்பொருள்தான். பழங்களுக்கு மாட்டும் வெள்ளை நுரை வலையைப் பாருங்கள். உருகிய பாலித்தீனுக்குள் அழுத்தத்தில் பியூட்டேன் வாயுவைச் செலுத்தி, இடியாப்பம் பிழிவதுபோல அச்சு வழியே வெளியே தள்ளுகிறார்கள். அழுத்தம் விட்டதும் வாயு விரிந்து குமிழிகள் பிறக்கின்றன. அவை பொடிப்பொடியாக, சீராக அமைய டால்க் தூள் உதவுகிறது. ஆனால் வெளிக்காற்று நுழைவதற்குள் பியூட்டேன் வேகமாக வெளியேறிவிடும். அப்படியே விட்டால் நுரை சுருங்கிவிடும். ரொட்டியிலும் ஐஸ்கிரீமிலும் சேர்க்கப்படும் கிளிசரால் மோனோஸ்டியரேட்டைச் சிறிது கலந்தால், வாயு மெதுவாக வெளியேறுகிறது; நுரை வடிவம் மாறாமல் நிற்கிறது.

பசுமைக்குடில் ஷீட்டின் கதையும் இதுவே. வெறும் பாலித்தீன் வெயிலில் சீக்கிரமே நொறுங்கும். ‘ஹால்ஸ்’ எனப்படும் அமீன் வகைப் பொருள் சேர்ந்தால் அதே ஷீட் ஆண்டுக்கணக்கில் தாங்கும். பூஞ்சை நோய்க்குக் கந்தகம் தெளிக்கும் குடில்களில் மட்டும், அதிலிருந்து உண்டாகும் அமிலம் ஹால்ஸைச் செயலிழக்க வைக்கும். அங்கே அதற்கென்று தயாரித்த வகை வேண்டும். ஷீட்டை அடிக்கடி மாற்றாமல் இருப்பதே பிளாஸ்டிக்கைக் குறைப்பதுதான்.

இதெல்லாம் கலப்படம்தானே என்று கேட்கலாம். விலையைக் குறைக்க அளவுக்கு மீறிச் சுண்ணாம்புத் தூளைக் கொட்டி, எளிதில் கிழியும் பை செய்தால் அது கலப்படமே. குறைந்த பொருளில் கூடுதல் வேலை வாங்கச் சேர்ப்பது வேறு. இதைவிட வலுவான ஆட்சேபம் நச்சைப் பற்றியது. கட்டடச் சுவர்களில் வெப்பம் தடுக்கும் பாலிஸ்டைரீன் நுரைப் பலகைகளில், தீ பரவாமலிருக்க ஹெச்பிசிடி என்ற புரோமின் சேர்மம் கலந்தார்கள். அது உயிரினங்களின் உடலில் சேர்ந்து, மட்காமல் தங்குவது தெரிந்து, 2013-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் ஏறியது. மாற்று வந்துவிட்டது, பழைய பலகைகளோ இன்னும் சுவர்களில் இருக்கின்றன, மறுசுழற்சிக்கும் முட்டுக்கட்டை போடுகின்றன. துணைப்பொருள் கலந்து, தானாகச் சிதையும் என்று விற்கப்பட்ட ஆக்சோ வகைப் பிளாஸ்டிக்கும் மட்குவதற்குப் பதில் துகள்களாக உடைவதால், 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குத் தடை விதித்தது.

ஆகவே துணைப்பொருளை மொத்தமாக ஒதுக்குவதும் சரியல்ல; கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் சரியல்ல. பொருளின் ஆயுளோடு அதன் முடிவையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அதற்கு விவரம் தேவை. முக்கோணக் குறிக்குள் உள்ள எண் பிளாஸ்டிக்கின் இனத்தை மட்டுமே சொல்கிறது, கலந்த பொருளைச் சொல்வதில்லை. அதையும் வெளிப்படையாகத் தெரிவிக்கும் கடமை தயாரிப்பாளருக்கு வேண்டும்.